பள்ளத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம், அண்ணே. அங்கதான் போச்சு."

வெலிகோ சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, வாசல் பள்ளத்தின் சேற்றுத் தண்ணீரில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடி ஸ்லாவ்கா ஒற்றைக் காலில் நின்று, விழாமல் இருக்க அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கால் ஷூ பள்ளத்துக்குள் எங்கேயோ இருந்தது.

"கிடைச்சிடுச்சு" என்று வெலிகோ ஒன்றை வெளியே எடுத்தார்.

"இது என்னோடது இல்லியே. இது பழுப்பு. என்னோடது கறுப்பு."

"அப்ப இது யாரோடது?"

"நாலாம் மாடி நர்ஸோடதா இருக்கும். போன மார்கழியில விட்டது. குடுங்க, நான் குடுத்துடறேன்."

வெலிகோ பழுப்பு ஷூவை அவளிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். நவம்பர் மாதத் தண்ணீர். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"எப்பதாண்ணே இதை மூடப் போறீங்க?" என்றாள் ஸ்லாவ்கா. "நீங்கதானே செக்ரட்டரி?"

வெலிகோ கையை இன்னும் ஆழமாக விட்டுத் துழாவினார். இந்தக் கேள்விக்குச் சொல்வதற்கு அவரிடம் இருந்த பதில்கள் எல்லாம் முதல் வருஷத்திலேயே தீர்ந்துவிட்டன.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குழாய் உடைந்துவிட்டது என்று சில பேர் வந்து வாசலைத் தோண்டினார்கள். குழாயை நன்றாகவே சரிசெய்தார்கள். பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டும். தன்யூப் ஆறு எங்கள் ஊரைத் தாண்டி எத்தனையோ தேசத்துச் சரக்கைச் சுமந்துகொண்டு போகிறது. ஒரு வண்டி ஜல்லி மட்டும் இந்த வாசலுக்கு வந்து சேரவில்லை.

வெலிகோ அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் செக்ரட்டரி. ஆசைப்பட்டு வாங்கிய பதவி அல்ல. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்துக்குத் தாமதமாகப் போனார். கூட்டத்துக்கு யார் தாமதமாக வருகிறாரோ அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவர்கள் வேகமாக வீட்டுக்குப் போவது எங்கள் ஊர் ஜனநாயகம். அன்றிலிருந்து லிப்ட் நின்றால் அவர், மொட்டை மாடி ஒழுகினால் அவர், ஆறாம் மாடி நாய் ஐந்தாம் மாடிக் கம்பளத்தில் எதையாவது செய்துவிட்டால் அவர். பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பகல் முழுக்கப் பிரேக்கைத் தேடும் பிள்ளைகள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பீன்ஸ் சூப்பைச் சூடாக்கி முதல் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் காலிங்பெல் அடிக்கும். மனைவி ராதன்கா இத்தாலியில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். கதவைத் திறக்க வேறு ஆள் இல்லை.

பள்ளம் வந்த வருஷமே அவர் ராஜினாமா செய்து பார்த்தார். கூட்டத்தில் எழுந்து நின்று, "என்னால முடியல. என்னை விட்டுடுங்க" என்றார்.

தரைத்தளத்து மின்ச்சோ, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"விடறோம் தம்பி. உன்னை யாரு பிடிச்சு வெச்சிருக்கா? ஆனா பள்ளத்தை மூடிட்டுப் போ. பாதியில விட்டுட்டுப் போனா புதுசா வர்றவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது."

"பள்ளம் மூடினா விட்டுடுவீங்களா?"

"அன்னிக்கே விட்டுடறோம்" என்றாள் ஸ்லாவ்கா. "கேக் வெட்டி அனுப்பறோம்."

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். லிப்டைப் பழுது பார்க்க ஒருநாளும் ஒன்றாக எழும்பாத கைகள் அவை. வெலிகோவுக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு பள்ளம்தானே, ஒரு மாதத்தில் மூடிவிடலாம் என்று நினைத்தார்.

அந்த ஒரு மாதம் மூன்று வருஷமாகிவிட்டது. இப்போது அவர் ஸ்லாவ்காவின் ஷூவைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனார். அங்கே சாலைப் பிரிவில் கலினா என்று ஓர் அம்மாள். இருவருக்கும் பழக்கம் மூன்று வருஷத்தையும் தாண்டிவிட்டது. அவர் உள்ளே நுழைந்ததும் அவளே நாற்காலியைக் காட்டுவாள்.

"பள்ளமா?" என்றாள்.

"பள்ளம்தான்."

"அதான் ஆள் அனுப்பினோமே."

"எங்க அனுப்பினீங்க? யாரும் வரலையே."

"வந்தாங்க. போனாங்க."

"வந்து என்ன பண்ணாங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் அனுப்பறவ. அவங்க போறவங்க. போய்ட்டு வந்துட்டோம்னாங்க. நல்லாத்தான் இருந்தாங்க, சிரிச்சுக்கிட்டே வந்தாங்க."

வெலிகோ பெருமூச்சு விட்டார். பொய் சொல்வதாக இருந்தாலும் கொஞ்சம் மெனக்கெட்டுச் சொல்லக்கூடாதா என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

"இந்தாங்க, ஒண்ணு சொல்றேன்" என்று கலினா குரலைத் தாழ்த்தினாள். "அங்க அடையாளமா எதையாவது வெச்சிடுங்க. யாராவது விழுந்து கால் ஒடிஞ்சா, எச்சரிக்கை வெக்கலைன்னு பழி செக்ரட்டரி மேலதான் வரும்."

அது வேறா என்று நினைத்துக்கொண்டு வெலிகோ வீட்டுக்கு வந்தார். சமையலறையில் இருந்த பழைய நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்தார்.

எங்கள் ஊரில் தெருவில் ஒரு நாற்காலி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்த இடம் என் காருக்கு, வேறு யாரும் இங்கே நிறுத்தாதே என்று அர்த்தம். இது தெரியாதவர் கார் ஓட்டவே லாயக்கில்லை. கார் ஓட்டச் சொல்லித்தரும் வெலிகோவுக்கு அன்றைய களைப்பில் இது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை மின்ச்சோ கதவைத் தட்டினார்.

"என்னடா தம்பி, செக்ரட்டரின்னா வாசலையே வளைச்சுப் போட்டுக்கலாமா?"

"ஐயோ, அது பள்ளத்துக்கு வெச்சது."

"பள்ளத்துக்கு எதுக்குடா நாற்காலி? பள்ளம் உக்காருமா?"

வெலிகோ விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் தெரு நிறைந்துவிட்டது. மின்ச்சோ தன் பங்குக்கு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்தார். ஸ்லாவ்கா இஸ்திரி மேசையை விரித்து வைத்தாள். அவளிடம் கார் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் இடம் பிடிக்கும்போது நான் மட்டும் ஏமாந்தவளா என்பது அவள் கட்சி. நர்ஸ் வீட்டில் இருந்து குழந்தைக் கட்டில் ஒன்று இறங்கியது. அடுத்த நாள் ரொட்டி வண்டி தெருவுக்குள் நுழைய முடியாமல் மூலையிலேயே நின்று ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. ரொட்டி இல்லாத எட்டு மாடியும் வெலிகோவின் காலிங்பெல்லை அழுத்தியது.

அவர் ஒவ்வொரு நாற்காலியாகத் தூக்கிக்கொண்டுபோய் அவரவர் வீட்டில் கொடுத்தார். இஸ்திரி மேசை லிப்டில் மாட்டிக்கொண்டது. லிப்ட் நின்றது. லிப்ட் நின்றால் யார் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

"பேசாம நாமளே மூடிடலாம்டா" என்றார் மின்ச்சோ, சமாதானமாக. "என் பாத்ரூமை இடிச்ச கல்லு மண்ணெல்லாம் மூட்டை மூட்டையாக் கிடக்கு. கொட்டிடு, தீர்ந்தது."

வெலிகோவுக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து நான்கைந்து மூட்டை கொட்டினார்கள். பள்ளம் பாதி நிறைந்தது. அன்று ராத்திரி வெலிகோ நிம்மதியாகத் தூங்கினார். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தால், பள்ளத்தின் மேல் ஒரு பழைய கக்கூஸ் பீங்கான், ஒரு கிழிந்த மெத்தை, கதவில்லாத ஒரு பிரிட்ஜ். ஒருவர் கொட்டினால் போதும், அது கொட்டும் இடம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அடுத்த தெருக்காரர் ஒருவர் கைவண்டியில் தன் பழைய சோபாவைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

பள்ளத்தை மூட மூன்று வருஷமாக வராத நகராட்சி, குப்பையை அள்ள அன்று மத்தியானமே வந்தது. சுகாதாரப் பிரிவு வேறு, சாலைப் பிரிவு வேறு என்று வந்தவர்கள் சொன்னார்கள். பெரிய இரும்புக் கையால் மெத்தையை எடுத்தார்கள், பிரிட்ஜை எடுத்தார்கள், மின்ச்சோவின் பாத்ரூமை எடுத்தார்கள், அதோடு பள்ளத்தின் அடிமண்ணையும் ஒரு பிடி சேர்த்து வாரிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகி, ஓரமெல்லாம் சுத்தமாக, புதிதாக வெட்டியது மாதிரி இருந்தது.

"சுத்தமாத்தான் செஞ்சிருக்காங்க" என்றார் மின்ச்சோ.

வெலிகோ பள்ளத்துக்குள் இறங்கி நின்றார். முழங்காலுக்கு மேல் வந்தது.

"ஐயா, என் போன்ல ஒரு படம் எடுங்க. எவ்வளவு ஆழம்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

மின்ச்சோ படம் எடுத்தார். அதை வெலிகோ கலினாவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"படம் நல்லா இருக்கு. கொஞ்சம் இளைச்சிட்டீங்க. ஆனா நடுவுல நீங்க நிக்கறதால பள்ளம் சரியாத் தெரியல."

அன்று சாயங்காலம் சூப் ஆறிக்கொண்டிருக்க, வெலிகோ நீண்ட நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் நான் கேட்பது ஒரு தட்டுச் சூப்பைச் சூடாகக் குடிக்க வேண்டும் என்பதுதானே, அது அவ்வளவு பெரிய ஆசையா என்று அவருக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த யோசனையும் வந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனால் அவர் படத்தைப் போட்டு, சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டிக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடித்து ஒட்டுவார்கள். வீட்டு வாசல் கதவில், பஸ் நிறுத்தத்தில், மரத்தில், சர்ச் பக்கத்துச் சுவரில், எங்கும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஓராண்டுக்கு ஒன்று, பத்தாண்டுக்கு ஒன்று என்று அது தொடர்ந்துகொண்டே இருக்கும். நகராட்சி அறிவிப்பை யாரும் பார்ப்பதில்லை. கறுப்புக் கட்டத்தைப் பார்க்காமல் யாரும் தாண்டிப்போனதில்லை. பள்ளத்துக்கு அப்படி ஒன்று அடித்தால் ஊரே சிரிக்கும், நகராட்சிக்கு வெட்கம் வரும் என்று வெலிகோ கணக்குப் போட்டார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இறுதிச்சடங்குக் கடை வைத்திருந்த பென்கா, அவர் எழுதிக்கொண்டுவந்ததை வாங்கினாள். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது.

'மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி. எங்கள் வாசலில் தோன்றி, எங்கள் ஷூக்களையும் கால்களையும் தன்னோடு வைத்துக்கொண்ட அன்புப் பள்ளம், நகராட்சியின் கருணையால் இன்னும் அடக்கம் ஆகாமல் கிடக்கிறது. வருந்தும் குடியிருப்போர், செக்ரட்டரி வெலிகோ' என்று எழுதியிருந்தார்.

"படம்?" என்றாள் பென்கா.

"படம் அவசியமா?"

"படம் இல்லாம எப்படி? யாருன்னு தெரிய வேணாமா?"

பள்ளத்தின் படம் அவரிடம் ஒன்றுதான் இருந்தது. அதை அனுப்பினார்.

"ஒட்டற வேலை எங்களோடது" என்றாள் பென்கா. "காலையில ஏழு மணிக்குள்ள ஊர் முழுக்க ஒட்டிடுவோம். நீங்க துக்கத்துல இருப்பீங்க, அலைய வேணாம்."

"துக்கமெல்லாம் இல்லைம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று அவள் அனுதாபமாக அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே வெலிகோ தன் மாணவர்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மாவட்டத் தலைநகரத்துக்கு ஓட்டுநர் தேர்வுக்குப் போய்விட்டார். தேர்வு நடக்கிற இடத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. மூவரில் இருவர் தோற்றார்கள். ஒருத்தி அழுதாள். அவர்களைச் சமாதானப்படுத்தி, கடைத்தெருவைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, மத்தியானம் போனை உயிர்ப்பித்தார். உடனே மணி அடித்தது. இத்தாலியில் இருந்து ராதன்கா.

"வெலிகோ, நீ உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்னுதான் நினைக்கிறேன். ஏன்?"

"ஸ்லாவ்கா போன் பண்ணி ஓன்னு அழறா. நீ செத்துட்டியாம். ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்காம்."

"பள்ளத்துக்குத்தான் நோட்டீஸ் அடிச்சேன்."

எதிர்முனையில் எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது.

"பள்ளத்துக்கா?"

"பள்ளத்துக்கு."

"நான் இங்க பாதி மூட்டையைக் கட்டிட்டேன், பாவி மனுஷா! அந்தக் கிழவி வேற உனக்காக மெழுகுவத்தி ஏத்திட்டா!" என்றாள் ராதன்கா. பிறகு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே திட்டவும் செய்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போனை வைத்தாள்.

வெலிகோ பென்காவைக் கூப்பிட்டார்.

"என்னம்மா என் மூஞ்சியைப் போட்டீங்க?"

"நீங்க யாரு பேசறது?"

"செத்தவன் பேசறேன்."

பென்கா கொஞ்சம்கூட அசரவில்லை. "படத்துல ஒரே மூஞ்சிதான் இருந்தது சார். மூஞ்சியைப் பெரிசு பண்ணிப் போடறதுதான் வழக்கம். பள்ளத்துக்கு ஏது சார் மூஞ்சி?"

"கீழ எழுதினதைப் படிச்சீங்களா?"

"ஒரு நாளைக்கு எத்தனை வருது தெரியுமா? எல்லாத்துலயும் ஒண்ணேதானே எழுதியிருக்கு. அதையெல்லாம் யாரு படிக்கிறா?"

அவள் சொன்னது சரிதான். ஊருக்குள் நுழைந்த இடத்தில் பஸ் நிறுத்தத்தில் அவர் முகம் ஒட்டியிருந்தது. பள்ளத்தில் நின்ற குளிரில் கொஞ்சம் வெளிறி, மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டு, செத்துப்போனவர்களுக்கே உரிய சாந்தத்தோடு இருந்தார். அதன் முன்னால் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி, "ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்று சிலுவை போட்டுக்கொண்டார். கண் படத்திலேயே இருந்தது. அடுத்த பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். பெட்ரோல் போடுகிற இடத்தில் வெலிகோவைக் கண்ட பையன் குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

தெரு முனையில் திரும்பியதும் வெலிகோ பிரேக்கை மிதித்தார்.

வாசலில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் ஆவி பறக்கும் தார். அதற்கும் பின்னால் மஞ்சள் நிறத்தில் ரோடு ரோலர். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் நான்கு பேர் மண்வெட்டியோடு பள்ளத்தைச் சுற்றி வேலை செய்துகொண்டிருந்தார்கள். பள்ளம் முக்கால்வாசி மூடியிருந்தது. வெலிகோ கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். முக்கால்வாசி மூடித்தான் இருந்தது.

காரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தார். வாசலில் குடியிருப்புக்காரர்கள் கறுப்பு உடுத்தி நின்றிருந்தார்கள். கையில் இரட்டைப்படையில் பூக்கள், துக்கத்துக்கென்று. இஸ்திரி மேசையை விரித்து, அதன்மேல் சர்க்கரை தூவிய கோதுமைப் பொங்கலும் பிளம் பழச் சாராயமான ரக்கியாவும் வைத்திருந்தார்கள். எல்லோரும் பள்ளத்துப் பக்கம் பார்த்து நின்றதால் பின்னால் வந்தவரை யாரும் கவனிக்கவில்லை.

"உடம்பு எப்ப வருது?" என்றாள் நர்ஸ்.

"தேர்வுக்குப் போன ஊர்ல ஏதோ ஆயிடுச்சாம்" என்று ஸ்லாவ்கா மூக்கைச் சிந்தினாள். "பாவம், எந்தப் பையன் எங்க மோதினானோ."

"தங்கமான மனுஷன்" என்றார் மின்ச்சோ. "ராத்திரி எந்நேரம் பெல் அடிச்சாலும் திறப்பான். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் எழுந்து வருவான். அவன் சூப்பு எத்தனை நாள் ஆறிப்போச்சுன்னு நானே கண்ணால பார்த்திருக்கேன்."

இத்தனை வருஷத்தில் யாரும் வெலிகோவிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கு அவர் சாக வேண்டியிருந்தது.

"லிப்ட் ரூம் சாவியை எங்க வெச்சான்னு மட்டும் சொல்லாமப் போயிட்டான்" என்று மின்ச்சோ முடித்தார்.

"இனிமே யாரு செக்ரட்டரி?" என்றாள் நர்ஸ்.

"எனக்கு மூட்டு வலி" என்றார் மின்ச்சோ உடனே.

"எனக்கு ராத்திரி டியூட்டி."

"என்னைப் பார்க்காதீங்க, எனக்கு அழுகையே இன்னும் நிக்கல" என்றாள் ஸ்லாவ்கா.

மின்ச்சோ ஒரு கோப்பை ரக்கியா எடுத்து, செத்தவருக்கென்று தரையில் கொஞ்சம் ஊற்றினார். அது சூடான தாரில் விழுந்து சீறியது. ஆவி விலகியபோது, பின்னாலிருந்து முன்னுக்கு வந்திருந்த வெலிகோ எதிரே நின்றார்.

கோப்பை தாரில் விழுந்தது. நர்ஸ் மட்டும் தொழில் பழக்கத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "அடிக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரே அமளி. ஸ்லாவ்கா பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். மின்ச்சோ, "டேய் தம்பி, டேய்" என்பதற்கு மேல் பேச முடியாமல் அவர் முதுகை அடித்துக்கொண்டே இருந்தார். யாரோ கோதுமைப் பொங்கலை அவர் வாயில் ஊட்டினார்கள். தன் கருமாதிப் பொங்கலைத் தானே தின்றுகொண்டு வெலிகோவும் அழுதார். இவ்வளவு பேர் தன்மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டதே. பதவியை விட்டுப் போகிற நேரத்தில் இவர்களைப் பற்றி மனதில் கசப்பு வேண்டாம் என்று நினைத்தார்.

லாரிக்காரர்களுக்கு மேஸ்திரி அசென் என்பவர். மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிங்க திடீர்னு வந்தீங்க?" என்று வெலிகோ அவரிடம் கேட்டார்.

"எங்க ஆபீஸ் வாசல்லயே உங்க நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. கலினா மேடம் அழுதுட்டாங்க. சவ வண்டி வாசல் வரைக்கும் வரணுமே, பள்ளத்துல இறங்கினா அசிங்கமாயிடும், உடனே போங்கன்னு அனுப்பினாங்க."

வெலிகோ பள்ளம் இருந்த இடத்தைப் பார்த்தார். இன்னும் ஓர் ஓரம்தான் பாக்கி. அவருக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக நிமிர்ந்து நின்றார்.

"அப்ப சரி" என்றார் எல்லோரையும் பார்த்து. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம். உங்க பாசத்தை மறக்கவே மாட்டேன். பள்ளம் மூடியாச்சு. நான் சொன்னதைச் செஞ்சுட்டேன். இந்த நிமிஷத்திலிருந்து நான் செக்ரட்டரி இல்லை. சாவி எல்லாம் மேல என் வீட்டு ஆணியில தொங்குது, எடுத்துக்கோங்க. நான் போய் சூப்பு குடிக்கப் போறேன்."

மின்ச்சோ ஸ்லாவ்காவைப் பார்த்தார். ஸ்லாவ்கா நர்ஸைப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காய்ந்தன. ஸ்லாவ்கா சட்டென்று திரும்பி, ரோலருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள்.

"நிறுத்துங்க! மெஷினை நிறுத்துங்க! அசென் அண்ணே, வேணாம்! தோண்டிடுங்க, எல்லாத்தையும் திருப்பித் தோண்டிடுங்க! மனுஷன் உயிரோட இருக்காரு!"

"நான் உயிரோட இருக்கறதுக்கும் தார் போடறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் வெலிகோ.

ஸ்லாவ்கா தரையைப் பார்த்தாள். மின்ச்சோ பொங்கல் கிண்ணத்தை எடுத்து உன்னிப்பாகக் கிளற ஆரம்பித்தார்.

மேஸ்திரி அசென் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, மிகவும் அலுத்துப்போனவராகத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எங்க உயிரை ஏங்க வாங்கறீங்க? இதுக்கு முன்னாடி எத்தனை தடவை வந்தோம், ஒவ்வொரு தடவையும் இந்தம்மாவும் பெரியவரும்தான் ரக்கியா ஊத்திக் குடுத்து, 'பள்ளம் போனா எங்க செக்ரட்டரியும் போயிடுவாரு, விட்டுட்டுப் போங்க'ன்னு திருப்பி அனுப்பினாங்க. இன்னிக்குத்தான், செக்ரட்டரியே போயிட்டாரு, இனிமே மூடிக்கோங்கன்னாங்க."